சக்கிமுக்கிக் கல்லும் சிப்பாயின் உடம்பும்

முன்பல் இல்லாதவன் காலாட்படைக்கு ஆகமாட்டான். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டாளங்களுக்கு ஆள் எடுத்தவர்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். அன்றைய தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே ஓர் ஈயக் குண்டும், ஒரு தடவை சுடுவதற்கு வேண்டிய மருந்தும் இருக்கும். ஒரு கை துப்பாக்கியைத் தாங்கியிருக்க, இன்னொரு கை தோட்டாவை வாய்க்குக் கொண்டுபோகும். காகிதத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கிழிக்கும்போது கொஞ்சம் மருந்து நாக்கில் கொட்டும். அந்த மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. பத்துத் தோட்டா கடிப்பதற்குள் வாய் வறண்டுவிடும். உதடும் கன்னமும் கரிபிடித்துவிடும். அந்தக் காலத்துச் சிப்பாய்களின் நினைவுக் குறிப்புகளில் சாவு பயத்துக்கு நிகராக வருவது தாகம்.

பள்ளிப் பாடங்களில் போர்கள் என்றால் தேதிகளும் தளபதிகளும்தான். சுடுகிறவனின் வாய் ஏன் வறண்டது, அவன் ஏன் பளிச்சென்ற சிவப்பில் உடுத்தினான், ஏன் தோளோடு தோள் ஒட்டி நின்று குண்டை வாங்கினான், ஏன் முதுகில் கசையடி பட்டான் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. இவை அத்தனைக்கும் விடை அவன் கையிலிருந்த கருவியின் இயற்பியலிலும் வேதியியலிலும் கிடக்கிறது. அந்தத் துப்பாக்கியால் முடியாமல்போனதை எல்லாம் மனித உடம்பைக் கொண்டு ஈடுகட்டினார்கள். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அந்தக் கருவி சக்கிமுக்கித் துப்பாக்கி. அதற்கு முன்பு இருந்தது திரித்துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றைக் கனலவிட்டு, அந்தக் கங்கைக் கொண்டு மருந்தைப் பற்றவைப்பார்கள். சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும் திரி கனன்றுகொண்டே இருக்க வேண்டும். மழையில் அணையும். இருட்டில் எதிரிக்கு இடம் காட்டிக் கொடுக்கும். மருந்துப் பீப்பாய்க்கு அருகே கனலும் திரியோடு நடமாடுவதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், லிசியே என்ற ஊரைச் சேர்ந்த மாரன் லெ பூர்ஷ்வா என்ற கைவினைஞர் இதற்கு ஒரு மாற்றைச் செம்மையாகச் செய்து காட்டினார். பதின்மூன்றாம் லூயி மன்னரின் ஆயுதச் சேகரிப்பில் அவர் செய்த துப்பாக்கி இடம்பெற்றது. நூறாண்டுக்குள் ஐரோப்பாவின் படைகள் எல்லாம் அந்த வகைக்கு மாறின. பிறகு ஏறத்தாழ 1840 வரை அடிப்படை மாறவில்லை.

அதன் வேலை எளிது. குதிரை என்று சொல்லப்படும் வளைந்த இரும்புக் கரத்தின் வாயில், தோல் துண்டு சுற்றி ஒரு சக்கிமுக்கிக் கல்லை இறுக்கியிருப்பார்கள். எதிரே ஓர் எஃகுத் தகடு நிமிர்ந்து நிற்கும். அந்தத் தகட்டின் அடிப்பாகமே, ஒரு சிட்டிகை மருந்து வைத்த கிண்ணிக்கு மூடி. விசையை இழுத்ததும் கல் தகட்டின்மேல் சரசரவென்று உராய்ந்து இறங்கும். அந்த அடியிலேயே தகடு மல்லாந்து, மூடி திறக்க, பொறிகள் கிண்ணிக்குள் விழும். கிண்ணியின் தீ பக்கவாட்டில் உள்ள ஊசித்துளை வழியாகக் குழலுக்குள் பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கும்.

பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். எரிவது எஃகு. சக்கிமுக்கிக் கல் எஃகைவிடக் கடினமானது. அதன் கத்திபோன்ற விளிம்பு தகட்டிலிருந்து மிக நுண்ணிய சீவல்களைச் சுரண்டி எடுக்கிறது. இரும்புக் கட்டி காற்றில் மெல்லத்தான் துருப்பிடிக்கும். அதே இரும்பை நுண்துகளாக்கினால் எடைக்கு மிஞ்சிய பரப்பு காற்றுக்கு வெளிப்படுகிறது. உராய்ந்த சூடும் சேர, துகள் ஆக்சிஜனோடு கணத்தில் கலந்து வெள்ளையாகக் கனல்கிறது. பல ஆண்டுகளில் துருவாக ஆக வேண்டியது ஒரு கண்சிமிட்டலில் நடந்து முடிகிறது. தகட்டின் மேல்பரப்பு போதிய அளவு கடினமாக இல்லாவிட்டால் சீவல் பெரிதாகி எரியாது. மிகவும் கடினமாக இருந்தால் சீவலே வராது. கொல்லரின் கைப்பக்குவம் முழுதும் அந்தத் தகட்டில் இருந்தது.

கல்லுக்கும் ஆயுள் குறைவு. இருபது முப்பது அடிக்குள் விளிம்பு மழுங்கிவிடும். ஆகவே தோட்டாப் பையோடு மாற்றுக் கற்களும் தர வேண்டும். இங்கிலாந்துக்கு வேண்டிய கற்களில் பெரும்பகுதி சஃபோக் மாவட்டத்தின் பிராண்டன் என்ற சிற்றூரிலிருந்து போயிற்று. சுண்ணப் பாறைக்கு நடுவே அடுக்காகக் கிடக்கும் கறுப்புக் கல்லைக் குழிதோண்டி எடுத்து, உடைத்து, பட்டை பட்டையாக உரித்து, சதுரம் சதுரமாக நறுக்குவார்கள். பிரான்சில் மேன் என்ற ஊரில் இதே தொழில் நடந்தது. அங்கே கல் தேன் நிறம். கல்லை நறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. நுரையீரலில் படிந்து, தழும்பேறி, மூச்சைக் குறுக்கிக் கொல்லும். நம் கல்குவாரிகளில் இன்றும் தொழிலாளர்களைத் தின்றுகொண்டிருக்கும் அதே சிலிக்கோசிஸ். பிராண்டன் கல் நறுக்குவோர் பலர் நடுவயதைத் தாண்டவில்லை. போர்க்களத்துக்கு ஒருநாளும் போகாமலே அந்தத் துப்பாக்கியால் செத்தவர்கள் அவர்கள்.

இனி மருந்து. கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எரிபொருள். கந்தகம் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொண்டு தீயைத் தொடங்கிவைக்கும். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. அடைத்துக் கெட்டித்த குழலுக்குள் காற்றே இல்லாமல் மருந்து எரிவது அதனால்தான்.

அந்த வெடியுப்பு எங்கிருந்து வந்தது என்பது நமக்கு நெருக்கமான செய்தி. மாட்டுச் சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில், நுண்ணுயிர்கள் நைட்ரஜன் கழிவுகளை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மழை அதைக் கரைக்கும். பிறகு வரும் நீண்ட வறட்சி அதை மேல்மண்ணுக்கு இழுத்து வெள்ளைப் பூப்பாகப் பூக்க வைக்கும். மழையும் வறட்சியும் இப்படி முறைவைத்து வரும் பீகார் இதற்கு வாய்த்த பூமி. நூனியா என்ற சாதி மக்கள் அந்தப் பூப்பைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி உப்பெடுத்தார்கள். பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டு, 1758இல், பீகார் வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாயிற்று. பிரான்சுக்கு அந்த வாசல் அடைபட்டது; வேதியியலின் தந்தை என்று நாம் படிக்கும் லவாசியே, 1775 முதல் தம் நாட்டின் மருந்து உற்பத்தியைச் சீர்படுத்தும் அரசு வேலையில் ஈடுபட நேர்ந்தது. பிரிட்டன் ஐரோப்பாவில் சுட்ட மருந்தில் பாட்னாவைச் சுற்றிய ஊர்களின் தொழுவ மண் கலந்திருந்தது.

கருமருந்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை; பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு போன்ற திடப்பொருளாக மிஞ்சிவிடுகிறது. அதில் ஒரு பங்கு வெண்புகையாக வெளியே போகும். மறுபங்கு குழலின் உட்சுவரில் கசடாக ஒட்டும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். சில குண்டுகள் சுட்டதும் குழல் குறுகத் தொடங்கும். போருக்கு நடுவே கழுவிக்கொண்டிருக்க முடியாது. அதனால் குண்டையே குழலைவிடச் சிறியதாக வார்த்தார்கள். பிரிட்டிஷ் படையின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியில் குழலின் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 17.5 மில்லிமீட்டர். கசடு பிடித்த குழலிலும் குண்டு கடகடவென்று இறங்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. அந்த ஒன்றரை மில்லிமீட்டரில்தான் சிப்பாயின் தலைவிதி எழுதப்பட்டிருந்தது.

இறுக்கமில்லாத குண்டு குழலுக்குள் சுவரில் மோதி மோதிப் புறப்படும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பக் கண்டபடி சுழலும். சுழலும் உருண்டை காற்றில் நேராகப் போகாது. சுழல்பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விசைதான் இங்கும். சுழல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி என்பதால் விலகலையும் முன்கூட்டிக் கணிக்க முடியாது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூல், குண்டுகளின் வேகத்தை அளக்க ஒரு வழி சொன்னது. கனத்த மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் சுடுங்கள். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் என்று கிடைத்தது. காற்று இல்லாதிருந்தால் அந்த வேகத்தில் போகும் குண்டு 27 கிலோமீட்டர் பாயும். உண்மையில் ஒரு கிலோமீட்டரை எட்டுவதில்லை. காற்றின் தடை அற்பமானது என்று அதுவரை எண்ணியிருந்த அறிஞர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. கணித மேதை ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, விரிவான விளக்கமும் எழுதினார்.

சுழலை நிரூபிக்க ராபின்ஸ் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்தார். மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் விலகிப் போனது. தொலைவில் உள்ள திரைகளிலோ வலப்பக்கம் தாண்டி விழுந்திருந்தது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டு வந்ததால் ஏற்பட்ட சுழல் அதைத் திருப்பிவிட்டது. குழலுக்குள் திருகுசுருளாகப் பள்ளம் வெட்டி, குண்டைத் தன் பாதையையே அச்சாகக் கொண்டு சுழலவைத்தால் இந்தத் தடுமாற்றம் நீங்கும் என்றும் அவர் சொன்னார். ரைபிளின் தத்துவம் அது.

இப்படிப்பட்ட மனிதர் எங்கே இறந்தார் தெரியுமா? கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தார். மறு ஆண்டு ஜூலையில், தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் மாண்டார். வயது 44. கெடிலம் கடலில் சேரும் அந்த இடத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, நவீன எறியியலுக்கு அடித்தளமிட்டவர் அங்கேதான் மறைந்தார் என்று தெரியும்?

ராபின்ஸ் சொன்ன ரைபிள் அவருக்கு முன்பே வேட்டைக்காரர்களிடம் இருந்தது. படைகள் அதை வேண்டாம் என்றதற்குக் காரணம் நேரம். பள்ளத்தைக் கவ்வும்படி குண்டை இறுக்கமாகச் செலுத்த வேண்டும்; கசடு பிடித்த குழலில் அது பெரும்பாடு. பிரிட்டன் 1800இல் எடுத்துக்கொண்ட பேக்கர் ரைபிளுக்குத் தொடக்கத்தில் குண்டைத் தட்டி இறக்கச் சிறு மரச் சுத்தியலே கொடுத்தார்கள். சில படைப்பிரிவுகளுக்கு மட்டுமே அது கிடைத்தது. மற்றவர்களுக்கெல்லாம் வழுவழுப்பான குழல்தான்.

குறி எவ்வளவு மோசம்? 1811இல் லண்டனில் வெளியான ஒரு போர்க்கலை நூலில் வில்லியம் முல்லர் என்ற அதிகாரி ஒரு கணக்குத் தருகிறார். குதிரைப்படை வரிசை அளவுக்குப் பெரிய இலக்கு. நன்கு பயின்ற சிப்பாய்கள் சுட்டதில் 100 கஜ தூரத்தில் நூற்றுக்கு 53 குண்டுகள் பட்டன. 200 கஜத்தில் 30. சாதாரணச் சிப்பாய்களுக்கு 40, 18. இது எதிரே யாரும் திருப்பிச் சுடாத பயிற்சித் திடலில், புகையும் பதற்றமும் இல்லாத நிலையில் கிடைத்த எண்ணிக்கை.

ஒருவன் சுட்டால் படாது என்றால், நூறு பேர் ஒரே நேரத்தில் சுட வேண்டும். அவர்கள் நெருங்கி நிற்க வேண்டும். ஒருவனுக்கு ஒதுக்கிய அகலம் இரண்டடிகூட இல்லை. எதிரி நூறு கஜத்துக்குள், முடிந்தால் ஐம்பது கஜத்துக்குள் வரும்வரை சுடாமல் நிற்க வேண்டும். நிற்கும்போது பீரங்கிக் குண்டு வரிசையில் ஓட்டை போட்டால், பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். அணி என்ற அமைப்பே அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியின் விளைவு. இரண்டு மூன்று முறை சுட்டதும் வெண்புகை மூடிக்கொள்ளும். பத்தடிக்கு அப்பால் தெரியாது. நம்மவன் யார், அடுத்தவன் யார் என்று புகைக்குள் அடையாளம் தெரிய வேண்டும். மறைந்து சுடும் போராக இருந்திருந்தால் பளபளக்கும் சிவப்புச் சட்டை மடத்தனம். இங்கே அதற்கு வேலை இருந்தது. கட்டளை காதில் விழாத இரைச்சலில் முரசு பேசிற்று.

தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தடவை சுட வேண்டும். கடி, கிண்ணியில் மருந்து போடு, மூடு, துப்பாக்கியை நிமிர்த்து, மிச்ச மருந்தையும் குண்டையும் குழலில் கொட்டு, கெட்டிக்கும் கோலை உருவு, கெட்டி, கோலைச் செருகு, குதிரையை இழு, சுடு. பதற்றத்தில் கோலைக் குழலுக்குள்ளேயே மறந்து குண்டோடு சேர்த்துச் சுட்டுவிட்டவர்கள் உண்டு. அதற்குப்பின் அவன் துப்பாக்கி, முனையில் கத்தி செருகிய வெறும் ஈட்டிதான். மரக்கோல் முறிந்துவிடுகிறது என்று பிரஷ்யா இரும்புக் கோலுக்கு மாறி, அந்த வேகத்தாலேயே 1741இல் மோல்விட்ஸ் போரில் பலன் கண்டது. இந்தக் கோவையை யோசிக்காமல் செய்ய வேண்டும். யோசிக்கிற மனிதன் அந்த இடத்தில் நிற்க மாட்டான். குறிபார்த்துச் சுடப் பழக்கியதைவிட, கைகால்களை ஒரே தாளத்தில் அசைக்கப் பழக்கியதே பல மடங்கு அதிகம்.

அந்த ஒழுங்கை மனித மனம் தானாக ஏற்காது. கசை அதற்காக வந்தது. பிரிட்டிஷ் படையில் நூற்றுக்கணக்கில் அடி விதிப்பது வழக்கம்; ஆயிரம் அடி விதிக்கப்பட்டவர்களும் உண்டு. முழுப் படைப்பிரிவையும் சதுரமாக நிறுத்தி வைத்து, நடுவே கட்டிப்போட்டு அடிப்பார்கள். அடிப்பவர்கள் பெரும்பாலும் முரசு வாசிக்கும் இளைஞர்கள். 1881இல்தான் கசையடி முற்றாக நீங்கிற்று.

சிப்பாய்க்குத் தினக்கூலி ஒரு ஷில்லிங். அதில் உணவுக்கும் உடுப்புப் பராமரிப்புக்கும் பிடித்தம் போக மிஞ்சுவது சொற்பம். கழுத்தை நிமிர்த்தி வைக்கும் தோல்பட்டை. 1808 வரை பின்னிக் கட்டிய சடை. முதுகில் மூட்டை, தோட்டா அறுபது, தண்ணீர்க் குடுவை, நாலரைக் கிலோ துப்பாக்கி என எல்லாமாக 25 கிலோவுக்கு மேல். சேர்ந்தவர்களில் பலர் வேலை இழந்த நெசவாளிகள், கூலிகள், பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்கள்.

அவர்களில் ஒருவர் குரல் நமக்குக் கிடைத்திருப்பது அரிய பேறு. பெஞ்சமின் ஹாரிஸ், செருப்புத் தைக்கும் தொழிலாளி. 95ஆம் ரைபிள் படையில் இருந்தவர். எழுதத் தெரியாது. லண்டனில் மறுபடி செருப்புத் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொல்லச் சொல்ல ஓர் அதிகாரி எழுதிக்கொண்டது, 1848இல் நூலாயிற்று. போர்ச்சுகலில் அணிவகுத்து நடக்கும்போது தம் மூட்டையோடு படைக்கான தோலையும் சுத்தியலையும் சுமந்ததை அவர் சொல்கிறார். புகையில் எதுவும் தெரியாமல் சுட்டதைச் சொல்கிறார். 1809 தொடக்கத்தில் ஸ்பெயினின் பனிமலைகள் வழியே பின்வாங்கிய நடையைச் சொல்லும் பக்கங்களைப் படித்துவிட்டு மறக்க முடியாது. படையோடு மனைவிமாரும் குழந்தைகளும் இருந்தார்கள். படையின் உட்பிரிவான ஒரு கம்பெனிக்கு ஆறு மனைவியர் மட்டுமே கப்பலேறலாம் என்பது விதி. யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். சீட்டு விழாதவள் துறைமுகத்திலேயே நின்றுவிட வேண்டும். சீட்டு விழுந்து வந்த ஒருத்தி, அந்தப் பனியில் சாலையோரம் பிள்ளை பெற்று, பிள்ளையோடு நடந்து மறுபடி படையில் வந்து சேர்ந்ததை ஹாரிஸ் பதிவுசெய்திருக்கிறார்.

குண்டு பட்டால் என்ன ஆகும்? முப்பது கிராமுக்கு மேல் எடையுள்ள மெத்தென்ற ஈயம். உடம்பில் பட்டதும் தட்டையாகி எலும்பைத் தூள்தூளாக்கும். அழுக்குச் சட்டைத் துணியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம். எலும்பு நொறுங்கிய கைகாலை உடனே வெட்டிவிடுவது உயிரைக் காக்கும் ஒரே வழியாக இருந்தது. நெப்போலியன் படையின் மருத்துவர் லாரி, 1812இல் பொரொதினோ போரில் ஒரே நாளில் இருநூறு உறுப்புகளை அகற்றியதாக எழுதியிருக்கிறார். மயக்க மருந்து வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. வாட்டர்லூ போரில் பட்ட காயங்களை அறுவை மருத்துவர் சார்லஸ் பெல் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். தளபதிகளின் எண்ணெய் ஓவியங்களைவிட அந்தப் போரை உண்மையாகச் சொல்பவை அவை.

இவ்வளவையும் தாங்கி நிற்கும் சிப்பாயை, அவன் துப்பாக்கி அடிக்கடி கைவிட்டது. கல் மழுங்கியிருந்தால் பொறி வராது. ஊசித்துளை கசடால் அடைத்திருந்தால் கிண்ணி மட்டும் எரிந்து அணையும். துளையைக் குத்திவிட ஒரு கம்பியும் துடைக்க ஒரு சிறு தூரிகையும் சிப்பாயின் மார்பில் தொங்கிக்கொண்டே இருக்கும். கிண்ணித் தீ முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிப்பதால் கன்னமும் இமையும் பொசுங்கும். ஊசித்துளையிலிருந்து சீறும் தீ பக்கத்தில் நிற்பவனைச் சுடும். மழை வந்தாலோ கிண்ணி மருந்து நமத்துப்போகும். அதற்குப்பின் ஈட்டிமுனையைத் தவிர எதுவும் இல்லை.

இதற்குத் தீர்வு கண்டவர் ஒரு கிராமத்துப் பாதிரியார். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவருக்கு வாத்து வேட்டையில் ஆசை. கிண்ணியில் தீ தெரிந்ததும், குண்டு புறப்படுவதற்குள் பறவைகள் விலகிவிடுகின்றன என்பதைக் கவனித்தார். எட்வர்ட் ஹோவர்ட் 1800இல் அறிவித்த பாதரச ஃபல்மினேட் போன்ற பொருள்கள் தட்டினாலே வெடிக்கும். அப்படிப்பட்ட மருந்தை மூடிய இடத்தில் வைத்து அடித்தால் பொறியும் வேண்டாம், திறந்த கிண்ணியும் வேண்டாம் என்று கண்டார். 1806இல் படைக்கலத் துறைத் தலைவராக இருந்த மொய்ரா பிரபு அவரை லண்டன் கோபுரத்துக்கே அழைத்து ஆய்வு செய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு அந்தப் பதவிக்கு வந்த சாத்தம் பிரபு, ஆய்வை நிறுத்திப் பாதிரியாரை வெளியே அனுப்பிவிட்டார். அதே 1807இல் ஃபோர்சைத் தம் பெயரில் காப்புரிமை பெற்றுக்கொண்டார்.

அந்த சாத்தம் பிரபுதான் 1809இல் ஏறத்தாழ 40,000 பேரோடு நெதர்லாந்தின் வால்ஹெரன் தீவுக்குப் படையெடுத்துப் போனவர். சதுப்பு நிலம். கொசு. சண்டையில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். காய்ச்சலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். ஹாரிஸும் அங்கே போய்க் காய்ச்சலோடு திரும்பினார். அந்த உடம்பு பிறகு படைக்கு உதவவில்லை. தீவில் காய்ச்சல் உண்டு என்பது முன்பே தெரிந்த செய்தி. சிப்பாய் மலிவு என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு, துப்பாக்கியும் கொசுவும் அவசரப் பிரச்சினையாகப் படவில்லை என்பது என் தீர்ப்பு.

1834இல் இங்கிலாந்தின் வூலிச்சில் ஒருவழியாகச் சோதனை நடந்தது. ஒன்று பழைய சக்கிமுக்கி வகை; மற்றது, தட்டினால் வெடிக்கும் மருந்தைத் தட்டுக்குப்பி என்ற சிறு குப்பியில் அடைத்து வைத்த வகை. இரண்டு வகைத் துப்பாக்கியாலும் தலா 6,000 முறை சுட்டார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. தட்டுக்குப்பி வைத்த புதுத் துப்பாக்கி பொய்த்தது 36 முறை. அதன் பிறகும் ஆண்டுகள் சில ஓடின. புதியது முதலில் வெள்ளைக்காரப் படைகளுக்குப் போயிற்று.

மதராஸ் படையின் சிப்பாய்கள் பழையதையே தூக்கினார்கள். கம்பெனி தன் இந்தியப் படைகளுக்காகக் குழலைக் குட்டையாக்கிச் செய்வித்த ‘இந்தியா பேட்டர்ன்’ வகையை, 1797இல் பிரிட்டிஷ் அரசே தன் படைக்கும் ஏற்றுக்கொண்டிருந்தது. நெப்போலியனை எதிர்த்துத் தூக்கிய துப்பாக்கிகளில் பெரும்பகுதி அந்த வகைதான். பாளையக்காரர் போர்களில் கம்பெனிப் படையிடம் இருந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிதான். தொப்பியில் தோல் சின்னம் வேண்டும், தாடியும் நெற்றிக்குறியும் கூடாது என்ற ஆணைகள் வந்தபோது, 1806 ஜூலை 10 அன்று வேலூரில் வெடித்தெழுந்தவர்களும் இந்தத் துப்பாக்கியோடு வாழ்ந்தவர்களே. தோட்டாவைப் பல்லால் கடிக்கும் பழக்கம் கல் போன பிறகும் போகவில்லை. கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க வேண்டும் என்ற செய்தி 1857இல் வடக்கே என்ன செய்தது என்பது எல்லோரும் அறிந்தது. கையால் கிழித்தால் போதும் என்ற ஆணை வந்தபோது காலம் கடந்துவிட்டது.

1841 மே 30. முதல் அபினிப் போர். சீனத்தின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி ஊர்ப்புறத்தில் ஆயிரக்கணக்கான கிராம மக்கள் திரண்டு பிரிட்டிஷ் படையை எதிர்த்தார்கள். பேய்மழை பிடித்துக்கொண்டது. மதராஸ் 37ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி, சிப்பாய்கள் அறுபது பேர், அதிகாரிகள் மூவர், நீர் நிறைந்த வயல்களில் வழிதவறித் தனியாக மாட்டிக்கொண்டது. மருந்து நமத்துவிட்டது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. நீண்ட கழிகளும் கொக்கிகளும் ஈட்டிகளுமாய் வந்தவர்களை எதிர்த்து, சதுரமாக நின்று வெறும் துப்பாக்கி ஈட்டியால் பல மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். இருட்டிய பிறகு தேடிவந்த கடற்படைக் காலாட்களிடம் இருந்தது புதிய தட்டுக்குப்பித் துப்பாக்கி. அது மழையிலும் வெடித்தது. சிப்பாய்கள் மீட்கப்பட்டார்கள். ஒருவர் இறந்திருந்தார், பலருக்குக் காயம். ஃபோர்சைத் காப்புரிமை பெற்று அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் மண்ணைக் காக்கத் திரண்ட கிராமத்தார் ஒருபுறம், அந்த மண்ணோடு எந்தப் பகையும் இல்லாத தென்னிந்தியச் சிப்பாய் மறுபுறம். யாருடைய போரில் யார் நின்றார்கள் என்பதும் சேர்த்து எண்ண வேண்டிய ஒன்று.

ஹாரிஸ் என்ற செருப்புத் தொழிலாளிக்கு அவர் சொல்லக் கேட்டு எழுத ஒருவர் கிடைத்தார். மதராஸ் படையின் சிப்பாய்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன சம்பளம் பெற்றார்கள், கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், அவர்கள் மனைவி மக்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தமிழில் விரிவாக எழுத வேண்டிய வேலை காத்திருக்கிறது. கம்பெனி காலத்து ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. வரலாறு படிக்கும் இளைஞர்கள் தளபதிகளை விட்டுவிட்டு இந்தக் கட்டுகளைப் பிரிக்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.